பரிசிலும் பிச்சையும்: கலாபவனம் வளர்ந்த கதை

இம்மலரின் பின்பக்கங்களில் உள்ள விளம்பரங்களை அன்பர்கள் புரட்டிப் பார்த்திருப்பீர்கள். அவை ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு படிக்கட்டு இருக்கிறது. சங்கத்தின் இரசீதுப் புத்தகத்தைக் கையிடுக்கில் வைத்துக்கொண்டு அப்படிகளில் ஏறியும் இறங்கியும் பழகியவர்கள் நாங்கள். “அடுத்த வாரம் வாருங்கள்” என்னும் சொல்லை ஒரே வாயிலில் நான்கு முறை கேட்டதுண்டு. கட்டட நிதிக்குப் பெருந்தொகை தருவதாகச் சொன்ன அன்பர் ஒருவர், வாசலில் பதிக்கும் கல்லில் தம் தந்தையார் பெயர் சங்கத்தின் பெயரினும் பெரிய எழுத்தில் இருத்தல் வேண்டும் என்றார். பேச்சு அத்துடன் நின்றது. கல்லும் வரவில்லை, காசும் வரவில்லை. அன்று படியிறங்கும்போது எங்களுள் இளையவர் ஒருவர், “நாம் செய்வது பிச்சையா, அண்ணா?” என்று கேட்டார். மறுமொழி சொல்ல எங்களுக்கு நா எழவில்லை.

ஏறத்தாழத் தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன்னர் இதே வினா, நாம் வாழும் இவ்வங்க மண்ணில், மாபெருங்கவிஞர் ஒருவர் முன் எழுந்தது. எழுப்பியவர் காந்தியடிகள். எழுந்த இடம், போல்பூரை அடுத்த சாந்திநிகேதனம். அங்குள்ள கலாபவனம் என்னும் கலைக்கல்லூரியையும் அதன் தாய் நிறுவனமாகிய விசுவபாரதியையும் காப்பதற்கு வேண்டிய பணம் பற்றியே அவ்வினா பிறந்தது. பௌஷ மேளாவுக்குக் குடும்பத்தோடு சென்று, ஏகதாராப் பாடல் கேட்டு, தோல்பை வாங்கித் திரும்பும் நம்மவர் பலர், அம்மரங்களின் நிழலுக்கு யார் யார் எவ்வெவ்வாறு பொருள் கொடுத்தனர் என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை. அந்த வரலாறு சுவையானது. சில இடங்களில் துயரமானதும் ஆகும்.

கலைக்கல்லூரிகள் நம் நாட்டில் தோன்றியபோதே பணத்தின் கவலையும் உடன் தோன்றிவிட்டது. 1850-இல் சென்னையில் அலெக்சாண்டர் ஹண்டர் என்னும் மருத்துவர் தம் கைப்பொருளைச் செலவிட்டு ஓவியப்பள்ளி ஒன்றைத் தொடங்கினார். பம்பாயில் சர் ஜாம்சேட்ஜி ஜீஜீபாய் 1853-இல் ஒரு லட்சம் ரூபாய் வழங்க, 1857-இல் அவர் பெயரால் கலைப்பள்ளி எழுந்தது. இரண்டையும் காலப்போக்கில் அரசே ஏற்று நடத்தியது. அதன்பின் தலைமையாசிரியர் நிதி தேடி அலைய வேண்டியதில்லை. அரசு தருவதைக் கொண்டு அரசு விரும்புவதைக் கற்பித்தால் போதும். 1919-இல் தோன்றிய கலாபவனமோ அரசின் மானியத்தையும் அரசின் தேர்வுகளையும் சாராது நிற்கத் துணிந்த பள்ளி. அத்துணிவின் விலையைத் தாகூர் தம் வாழ்நாளின் இறுதி வரை செலுத்தினார். அந்நாளில் அந்நிறுவனத்துக்கு நிதித்துறை அலுவலர் என்று தனியே ஒருவர் இருந்தாரல்லர். உலகம் போற்றிய கவிஞரே அவ்வேலையையும் பார்த்தார்.

தொடக்கம் அவர் வீட்டுப் பெட்டியிலிருந்தே நிகழ்ந்தது. 1901 டிசம்பரில் ஒரு சில மாணாக்கரோடு அவர் அங்கே பள்ளியைத் திறந்தபோது, செலவுக்காகத் துணைவியார் மிருணாளினி தேவியின் நகைகள் விற்கப்பட்டன. பூரிக் கடற்கரையில் இருந்த வீடும் விலைபோயிற்று. மறு ஆண்டே அவ்வம்மையார் மறைந்தார். பள்ளியின் முதற்புரவலர் யார் என்று யாரேனும் கேட்டால், நாம் அரசரையும் வணிகரையும் விட்டு அவர் பெயரையே முதலிற் சொல்வோம்.

1913-இல் வந்த நோபல் பரிசுப் பணத்தைத் தாகூர் என்ன செய்தார் என்பது பலரும் அறியாத செய்தி. தம் குடும்பத்தின் நிலப்பகுதியாகிய பதிசரில் உழவர்களுக்குக் குறைந்த வட்டியில் கடன் கொடுக்க ஒரு வேளாண்மை வங்கி நடத்தி வந்தார். பரிசுத்தொகையை அதில் இட்டார். உழவன் கந்துவட்டியிலிருந்து தப்புவான். வரும் வட்டி சாந்திநிகேதனப் பள்ளியை நடத்தும். ஒரே காசு இரண்டு அறங்களைச் செய்யும் என்பது அவர் கணக்கு. சில ஆண்டுகள் கணக்கு சரியாகவே நடந்தது. பின்னர்க் கடன்கள் திரும்பாமல் அசலின் பெரும்பகுதி அங்கேயே கரைந்துபோயிற்று. கணக்கர் இதனை இழப்பு என்று எழுதுவர். பதிசர் உழவர் வேறு விதமாக எழுதியிருப்பர்.

1916-இல் அமெரிக்கா சென்று ஊர் ஊராக உரை நிகழ்த்தினார். பள்ளிக்குப் பணம் சேர்ப்பதே நோக்கம். மேல்நாட்டின் தேசிய வெறியையும் பொருள் வேட்கையையும் அவர் கடிந்து பேசினார். மக்கள் கட்டணம் கொடுத்து வந்து கேட்டனர். ஓர் உரைக்கு 700 டாலர் வாங்கிக்கொண்டு நம்மைத் திட்டும் இவரே இந்தியாவிலிருந்து வந்த தலைசிறந்த வணிகர் என்று அந்நாட்டுப் பத்திரிகை ஒன்று கேலி செய்தது. நகைச்சுவைதான். ஆயினும் அதிற் சிறிது உண்மையும் உண்டு என்பதை மறைப்பானேன்? யாரிடம் பணம் பெறுகிறோமோ அவரையே கடிந்துரைக்கும் உரிமையையும் வைத்துக்கொள்வது எளிதன்று. தாகூர் அவ்வுரிமையைக் கைவிடவே இல்லை.

இங்கே தமிழ் மண்ணுக்கும் ஒரு பங்கு உண்டு. 1919-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் தென்னாட்டில் அவர் நெடும்பயணம் செய்தார். விசுவபாரதி என்னும் கனவு அப்போதுதான் உருப்பெற்று வந்தது. கலாபவனத்தின் வகுப்புகள் தொடங்கச் சில மாதங்கள் இருந்தன. ‘இந்தியப் பண்பாட்டின் மையம்’ என்னும் பொருள்பட அவர் சென்னையில் நிகழ்த்திய உரை அவ்வாண்டே அடையாற்றில் நூலாக அச்சாயிற்று. இசையும் ஓவியமும் கல்வியின் ஓரத்தில் ஒட்டுப்போட வேண்டியவை அல்ல, நடுவில் வைக்க வேண்டியவை என்பது அவ்வுரையின் உட்பொருள்களுள் ஒன்று. கலாபவனத்தின் நோக்க உரை என்று ஒன்றைத் தேடுவோர் அந்தச் சிறு நூலைப் புரட்டலாம். பிற்காலத்தில், 1934-இல், இலங்கைக்கும் சென்னைக்கும் ஆடல்குழுவோடு வந்து நாடகங்கள் நிகழ்த்தியதும் நிறுவனத்தின் பொருட்டே.

அதே 1919-இல் ஜாலியன்வாலாபாக் படுகொலையைக் கண்டித்துத் தம் ‘சர்’ பட்டத்தைத் தாகூர் துறந்தார். நிதி திரட்டுவோர் கண்ணால் நோக்கினால், அதனினும் பெரிய ‘பிழை’ வேறில்லை. அடுத்த ஆண்டு விசுவபாரதிக்காக மீண்டும் அமெரிக்கா சென்றபோது, முன்பு திறந்த கதவுகள் பல மூடியிருந்தன. ஆங்கிலேயரின் அதிருப்தி அங்கும் பரவியிருந்தது என்று வரலாற்றாசிரியர் பலர் கருதுவர். நியூயார்க்கின் குளிர்காலத்தில் பெருஞ்செல்வரின் வரவேற்பறைகளில் காத்திருந்து, ஏறக்குறைய வெறுங்கையோடு அவர் திரும்பினார்.

ஏறக்குறைய என்றோம், முற்றிலும் அன்று. அங்கே அவரைச் சந்தித்த லியனார்டு எல்ம்கிர்ஸ்ட் என்னும் ஆங்கிலேய இளைஞர், வேளாண்மை கற்றவர், 1921 இறுதியில் சாந்திநிகேதனம் வந்தார். 1922 பிப்ரவரியில் பக்கத்துச் சுருல் கிராமத்தில் ஊரகச் சீரமைப்புப் பணி தொடங்கிற்று, அதுவே சீநிகேதனம். அதற்கு வேண்டிய பணத்தை டாரதி ஸ்டிரெயிட் என்னும் அமெரிக்கச் செல்வப் பெண்மணி ஆண்டுதோறும் அனுப்பினார். அவ்விருவரும் 1925-இல் மணந்துகொண்டு இங்கிலாந்தின் டெவன் பகுதியில் டார்ட்டிங்டன் என்னும் பழைய மாளிகையை வாங்கித் தாகூரின் கருத்துகளின் வழியே ஒரு குடியிருப்பை அமைத்தனர். 1961-இல் அங்கும் ஒரு கலைக்கல்லூரி பிறந்தது. வங்கத்துக்குக் கொடுத்த கொடையாளர் வங்கத்திடமிருந்து ஒன்றைப் பெற்றுச் சென்றார் என்பதை இங்குக் குறித்துவைக்கத் தோன்றுகிறது.

இனிக் கலாபவனத்துக்குள் நுழைவோம். அவனீந்திரநாத் தாகூரின் தலைமாணாக்கராகிய நந்தலால் போஸ், கல்கத்தாவில் கிடைத்திருக்கக்கூடிய வசதிகளை விட்டு அங்கு வந்து, 1951 வரை அக்கல்லூரியை நடத்தினார். அவரிடம் பணம் இருக்கவில்லை. ஆதலின் பணம் வேண்டாத வழிகளைக் கண்டார். எண்ணெய் வண்ணமும் கித்தானும் விலை மிகுந்தவை. உள்ளூர் மண்ணும் கல்லும் தரும் வண்ணங்கள் இலவசம். சட்டமிட்ட படத்துக்கு வாங்குவோர் வேண்டும், சுவருக்கு வேண்டியதில்லை. நூலகச் சுவரிலும் விடுதிச் சுவரிலும் ஆசிரியரும் மாணாக்கரும் சேர்ந்து வரைந்தனர். 1930-இல் சீநிகேதனத்தில் ஏர்பூட்டு விழாவை நந்தலால் சுவரோவியமாகத் தீட்டினார். களிமண்ணாற் கட்டித் தார் பூசிய ‘கருப்பு வீடு’ மாணாக்கர் விடுதியாயிற்று. அதன் சுவர்ப்புறங்களே அவர்களுக்குச் சிற்பப் பயிற்சியேடு.

எளிய குடும்பத்திற் பிறந்த இராம்கிங்கர் பைஜ் 1938-இல் ‘சாந்தால் குடும்பம்’ என்னும் பெருஞ்சிற்பத்தை அங்குச் செய்தார். வெண்கலம் வார்க்கவோ பளிங்கு வாங்கவோ வகையில்லை. சிமெண்டையும் அவ்வூர்ச் செம்பருக்கையையும் கலந்து கையால் அப்பினார். நம் நாட்டின் நவீனச் சிற்பக்கலை அங்கிருந்தே தொடங்குகிறது என்று இன்று கலைவல்லோர் சொல்கின்றனர். ‘வறுமையே கலையை வளர்க்கிறது’ என்று இதனைக் கொண்டு யாரும் வாதிட வேண்டா. புரவலர் அவ்வாறு வாதிடத் தொடங்கினால் ஆசிரியர் சம்பளம் நின்றுபோகும்.

1930-இல் நந்தலால் ‘காருசங்கம்’ என்னும் கைவினைஞர் கூட்டுறவை அமைத்தார். படிப்பு முடித்தவர்கள் ஊரை விட்டு ஓடாமல், வெளியிலிருந்து வேலைகளை ஏற்றுச் செய்து பிழைக்க வேண்டும் என்பது எண்ணம். கொடையை மட்டும் நம்பாமல் கையின் உழைப்பை நம்பிய அம்முயற்சி பெரிதாக ஓங்கவில்லை; ஆயினும் அதன் விதை பின்னர் வேறு வடிவில் முளைத்ததைக் கீழே காண்போம்.

கொடையாளரைப் பற்றிப் பேசும்போது ஒரு கசப்பான நிகழ்ச்சியைத் தாண்டிச் செல்ல இயலாது. 1925 இறுதியில் இத்தாலியிலிருந்து கார்லோ ஃபோர்மிகி என்னும் பேராசிரியர் சாந்திநிகேதனம் வந்தார். உடன் ஜியூசெப்பே டூச்சி என்னும் இளைய அறிஞரும் வந்தார். அவர்களோடு அருமையான இத்தாலிய நூல்களின் பெருந்தொகுதி ஒன்றும் வந்தது, அனுப்பியவர் முசோலினி. பணமின்றித் தவித்த நிறுவனத்துக்குக் கேளாமலே வந்த கொடை அது. தாகூர் நன்றி பாராட்டினார். 1926-இல் அவர் அழைப்பை ஏற்று இத்தாலி சென்றார், முசோலினியைச் சந்தித்தார், அரசு விருந்தினராகப் போற்றப்பட்டார். அவர் சொன்ன மரியாதைச் சொற்களை அந்நாட்டுப் பத்திரிகைகள் பாசிசத்துக்குக் கவிஞர் தந்த வாழ்த்து என்று திரித்து வெளியிட்டன.

சுவிட்சர்லாந்து சென்று ரொமேன் ரோலந்தைக் கண்டபோதும், இத்தாலியை விட்டு ஓடிவந்தவர்களின் துயரைக் கேட்டபோதும்தான் தாம் எதற்குப் பயன்பட்டோம் என்பது அவருக்கு விளங்கிற்று. அவ்வாண்டு ஆகஸ்டில், ஆண்ட்ரூசுக்கு எழுதிய மடலாக, மான்செஸ்டர் கார்டியன் இதழில் பாசிசத்தைக் கண்டித்து எழுதினார். இத்தாலிய அரசின் நட்பு அத்துடன் முறிந்தது. இதழ்கள் அவரை ஏசின. கொடையாளர் முகம் கோணுமே என்று அவர் வாளாவிருக்கவில்லை. ஆனால் முதலிலேயே ஆராயாமற் போனது அவர் குற்றமன்றோ என்று கேட்பாருக்கு, ஆம் என்பதே நம் விடை. நூல்கள் வந்த மகிழ்ச்சியில், அவற்றை அனுப்பிய கையை அவர் நோக்கவில்லை. பெட்டி பெட்டியாக வரும் கொடையைக் கண்டு கண் கலங்காத செயலாளரை நாங்களும் எங்கள் சங்கத்தில் இன்னும் காணவில்லை.

பிற கொடைகள் நேர்மையாக வந்தன, நேர்மையாகவே நின்றன. 1927-இல் ஐதராபாத் நிஜாம் இசுலாமிய ஆய்வுக்கென ஒரு லட்சம் ரூபாய் அளித்தார். தான் யுன்-ஷான் என்னும் சீன அறிஞர் தம் நாடு சென்று பொருளும் நூலும் திரட்டி வர, 1937 ஏப்ரலில் சீனபவனம் திறக்கப்பட்டது. கல்கத்தா மார்வாடி அன்பர்களின் உதவியால் 1939-இல் இந்திபவனம் எழுந்தது. இவையெல்லாம் கலாபவனத்துக்கு நேரே கொடுத்தவை அல்ல. ஆயினும் கொடையாளர் கட்டிய ஒவ்வொரு கட்டடமும் நந்தலாலின் கூட்டத்தாருக்குப் புதுச்சுவர் ஒன்றைத் தந்தது! சீனபவனச் சுவரில் 1942-இல் நந்தலால் ‘நடீர் பூஜை’ காட்சியை வரைந்தார். இந்திபவனச் சுவர்களில் 1946, 47-ஆம் ஆண்டுகளில் வினோத்பிகாரி முகர்ஜி, பார்வை மங்கிய கண்ணோடு, நம் இடைக்கால அடியார்களின் நெடுவரிசையைத் தீட்டினார். மொழிப்படிப்புக்கென வந்த காசு இவ்வாறு ஓவியத்துக்கும் உதவியதைக் கொடுத்தவர்கள் எதிர்பார்த்திருப்பார்களா?

நன்கொடை போதவில்லை. தம் வங்கநூல்களின் பதிப்புரிமையைத் தாகூர் நிறுவனத்துக்கே எழுதிக் கொடுத்தார், அதுவும் போதவில்லை. எஞ்சியது அரங்கம். பாடலும் ஆடலும் சாந்திநிகேதனத்தில் பாடத்தின் பகுதிகள். அவற்றை நகரங்களுக்குக் கொண்டுசென்று நுழைவுச்சீட்டு விற்றனர். நந்தலாலும் சுரேந்திரநாத் காரும் மேடையமைப்பையும் ஆடையணிகளையும் வகுத்தனர். கோட்டையும் மாளிகையும் தீட்டிய திரைகள் நிறைந்த அந்நாளைய மேடைகளுக்கு நடுவே, எளிய துணியும் கோலமும் கொண்ட அம்மேடை ஒரு புதுமை. கலாபவனம் தனக்கு வேண்டிய பணத்தைத் தன் கையாலேயே ஈட்ட முயன்றது என்று இதனைச் சொல்லலாம்.

1936 மார்ச்சில் ‘சித்திராங்கதா’ ஆடல்நாடகத்தோடு வடநாட்டுப் பயணம் புறப்பட்டனர். தாகூருக்கு வயது எழுபத்தைந்து நிரம்பும் தறுவாய், உடல்நலம் குன்றியிருந்தது. பாட்னா, அலகாபாத், லாகூர் என்று மேடை மேடையாக அமர்ந்து தாமே பாடியும் படித்தும் காட்டினார். தில்லிக்கு வந்தபோது காந்தியடிகளும் அங்கிருந்தார். முந்திய ஆண்டே தாகூர் தம் பணக்கவலையை அவருக்கு எழுதியிருந்தார். இந்த வயதில் நீங்கள் ஊர் ஊராக அலைவதை எண்ணிப் பார்க்கவும் இயலாது என்று அடிகளும் மறுமொழி விடுத்திருந்தார். இப்போது நேரிற் கண்டதும் மனம் பொறாது, பற்றாக்குறை எவ்வளவு என்று கேட்டறிந்தார். சின்னாட்களில் 60,000 ரூபாய்க்கு வங்கி வரைவோலை ஒன்று கவிஞர் கைக்கு வந்தது. கொடுத்தவர் பெயர் அதில் இல்லை. பிர்லா குடும்பத்தின் கொடை அது என்பதைப் பின்னர் உலகம் அறிந்தது. எஞ்சிய பயணத்தை நிறுத்தி ஓய்வெடுங்கள் என்பதே அடிகளின் வேண்டுகோள். பெயரில்லாக் கொடை! கல்லில் எழுத்தின் அளவை அளந்த நம் அன்பரை நினைத்துக்கொண்டு இதனை எழுதுகிறோம்.

கதை அங்கு முடிந்திருந்தால் இனிமையாக இருந்திருக்கும். மறு ஆண்டு பிப்ரவரியில், விசுவபாரதியின் வாழ்நாள் அறங்காவலராகத் தம்மை அமர்த்தியிருப்பதை அறிந்த காந்தியடிகள், ஏற்கெனவே தலைமேல் உள்ள சுமைகளைக் கூறித் தம்மை விடுவிக்குமாறு எழுதினார். அத்துடன் நிற்காமல், தாகூர் குழுவோடு அகமதாபாத் செல்லவிருப்பதாகக் கேள்விப்பட்டதையும் குறித்து, அது மீண்டும் ஒரு பிச்சைப் பயணமாயின் அதனைக் கைவிட வேண்டும் என்று மண்டியிட்டு மன்றாடும் மொழியில் வேண்டினார். அன்பினால் எழுதிய மடல்தான் அது. ஆயினும் ‘பிச்சை’ என்னும் ஒரு சொல் அதில் இருந்தது.

அச்சொல் கவிஞரைச் சுட்டது. அவருடைய மறுமொழி சினத்தை அடக்கிய மரியாதையோடு எழுதப்பெற்றது. நாடு முழுதும் பொருளாதாரத்தையே பேசும் காலத்தில், மனிதமனத்தின் பண்பாடு என்னும் தம் பணியின் கண்ணியத்தை அடிகளின் இயல்பு உணரவிடவில்லை போலும் என்று அதில் குறிப்பிட்டார். தம் படைப்பை ஊரார் முன் கொண்டுசெல்லும்போது தாம் எதிர்பார்ப்பது இரப்போர்க்கு இடும் காசன்று என்றார். கலையை நுகர்ந்தவர் கலைக்குச் செலுத்தும் நன்றியே அது. நுழைவுக் கட்டணமோ தாம் கொடுத்ததற்கு ஈடாகாத சிறுதொகை. இதுவே அதன் சாரம்.

இதனைப் படிக்கும் தமிழர்க்குப் புறநானூற்றுப் பெருஞ்சித்திரனார் நினைவுக்கு வராமல் இருப்பாரா? மலையும் காடும் கடந்து அதியமான் நெடுமானஞ்சியைக் காண வந்த அப்புலவர்க்கு, அவன் தான் நேரில் வாராது, பரிசிலை மட்டும் பிறர் கையிற் கொடுத்தனுப்பினான். பசித்த வயிற்றோடு வந்தவர் அவர். ஆயினும் என்னைக் காணாமலே தந்த பொருளைப் பெற்றுச்செல்ல நான் வாணிகன் அல்லேன், என் தகுதி அறிந்து தினையளவு தந்தாலும் அதுவே போதும் என்று பாடித் திரும்பினார். பரிசிலுக்கும் பிச்சைக்கும் நம் முன்னோர் கண்ட வேற்றுமை தொகையின் அளவில் இல்லை. கொடுப்பவன் பாடலைக் கேட்டானா என்பதில் இருக்கிறது. தாகூர் புறநானூறு படித்தவரல்லர். ஆயினும் அகமதாபாத் மடலில் அவர் வழக்காடியது அந்த வேற்றுமைக்காகவே.

இவ்வழக்கில் தீர்ப்புச் சொல்லும் தகுதி நமக்கு இல்லை. ஆயினும் நம் கருத்தை மறைக்கவும் விரும்பவில்லை. சொல்லின் வழக்கில் வென்றவர் கவிஞர். கணக்கின் வழக்கில் வென்றவரோ அடிகள்தாம். நுழைவுச்சீட்டுப் பணம், பயணச் செலவும் குழுவின் உணவும் போக, ஒருபோதும் பற்றாக்குறையை அடைத்ததில்லை. அறுபதாயிரம் ரூபாய் ஒரே தாளில் வந்ததாலேயே அவ்வாண்டு கடன் தீர்ந்தது. காந்தியடிகளுக்குக் கலையில் நாட்டமில்லை என்று சொல்லிவிடவும் முடியாது. 1938 ஹரிபுரா காங்கிரசு மாநாட்டை அணிசெய்ய நந்தலாலை அழைத்தவர் அவரே. உழவரும் குயவரும் மத்தளக்காரரும் நிறைந்த, மலிவான தாளில் மண்வண்ணத்தால் தீட்டிய பலகைகள், நந்தலாலும் அவர் மாணாக்கரும் சேர்ந்து செய்தவை, ஏறத்தாழ நானூறு அங்கே வரிசையாக நின்றன. கலைக்கூடம் காணாத கிராமத்து மக்கள் அவற்றின் கீழே நடந்து சென்றனர்.

1940 பிப்ரவரியில் அடிகளும் கஸ்தூர்பா அம்மையாரும் சாந்திநிகேதனம் வந்து தங்கினர். விடைபெறும் வேளையில் தாகூர் ஒரு மடலை அடிகள் கையில் வைத்தார். தமக்குப் பின் இந்நிறுவனத்தைக் காக்கும் பொறுப்பை ஏற்க வேண்டும் என்பதே அதிலிருந்த வேண்டுகோள். மூன்று ஆண்டுகளுக்கு முன் மனம் புண்பட எழுதியவர், இறுதியில் அவரிடமே கேட்டார். அடிகள் அம்மடலை மௌலானா ஆசாத்திடம் காட்டினார். 1941 ஆகஸ்டில் கவிஞர் மறைந்தார். மறு ஆண்டு மே மாதம், ஆண்ட்ரூசின் நினைவு நிதிக்காகக் காந்தியடிகள் பம்பாயில் தாமே தங்கி 5 லட்சம் ரூபாய் திரட்டிச் சாந்திநிகேதனப் பணிக்கு வழிசெய்தார். ‘பிச்சைப் பயணம்’ என்று எந்தச் செயலை வருந்தி எழுதினாரோ அதனையே அவரும் மேற்கொண்டார். விடுதலைக்குப் பின் ஆசாத் கல்வியமைச்சராக இருந்தபோது, 1951-இல், விசுவபாரதி மத்தியப் பல்கலைக்கழகமாயிற்று. சம்பளக் கவலை தீர்ந்தது. அரசைச் சாராது நிற்பது என்னும் பழைய துணிவும் அன்றோடு ஓய்ந்தது.

அந்தப் பழைய வறுமையின் கல்வி தமிழர் சிலரையும் வந்து தொட்டது. சென்னையிற் பிறந்த ஜயா அப்பாசாமி அங்கே பயின்று, பின்னர்த் தில்லியில் ஓவியராகவும் கலைத்திறனாய்வாளராகவும் விளங்கினார். தஞ்சை ஓவியங்களைப் பற்றி நூல் எழுதினார். தமிழ்க் குடும்பத்தில் 1924-இல் கேரளத்திற் பிறந்த கே.ஜி. சுப்பிரமணியன், சென்னை மாநிலக் கல்லூரியில் பொருளாதாரம் பயின்றவர். 1942 போராட்டத்திற் சிறை சென்றதால் அரசுக் கல்லூரிகளின் கதவு அவருக்கு அடைபட்டது. அரசுப் பணத்தைச் சாராத கலாபவனத்தின் கதவு 1944-இல் திறந்தது. யார் யாரோ கொடுத்த காசு, தாம் அறியாத ஒரு தமிழ் இளைஞனுக்கு அவ்வாறு சென்று சேர்ந்தது.

அவர் பின்னர்ப் பரோடாவில் ஆசிரியரானபோது, 1960-களின் தொடக்கத்தில் அங்குக் கலைச்சந்தை ஒன்றை ஆசிரியரும் மாணாக்கரும் சேர்ந்து நடத்தத் தொடங்கினர். பொம்மையும் மட்பாண்டமும் செய்து விற்று, வரும் பணத்தை மாணாக்கர் நலநிதியிற் சேர்த்தனர். சுப்பிரமணியனும் மரத்தாலும் மணியாலும் விளையாட்டுப் பொம்மைகள் செய்து கொடுத்தார். சாந்திநிகேதனத்திலும் 1973 முதல் நந்தலாலின் பிறந்தநாளாகிய டிசம்பர் 3-ஐ ஒட்டி, முதல் இரண்டு தேதிகளில் ‘நந்தன் மேளா’ நடந்து வருகிறது. காருசங்கத்தின் விதை முளைத்த இடம் என்று முன்னே சொன்னது இவற்றையே. 1980-இல் கலாபவனத்துக்கே பேராசிரியராகத் திரும்பிய சுப்பிரமணியன், அங்குள்ள வடிவமைப்புத் துறைக் கட்டடத்தின் வெளிச்சுவரெங்கும் கருப்பு வெள்ளையில் உருவங்களை நிரப்பினார். 2009-இல், எண்பத்தைந்து வயதில், சாரத்தின் மேலேறி அதனைப் புதிதாக மீண்டும் தீட்டினார்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு டிசம்பர் மாலையில் அம்மேளாவுக்குச் சங்கத்து நண்பர் நால்வராகச் சென்றிருந்தோம். படிக்கட்டில் அன்று வினாவெழுப்பிய இளையவரும் உடன் வந்திருந்தார். இப்போது அவருக்கும் தலை நரைத்துவிட்டது. மாணாக்கர் தாமே அச்சிட்ட நாட்காட்டிகளும் சுட்ட மண்குவளைகளும் கடைகளில் அடுக்கியிருந்தன. விலை குறைத்துக் கேட்பது நம்மவர் வழக்கமாதலின், நண்பர் ஒரு குவளையை எடுத்து விலை பேசினார். விற்ற பெண் சிரித்துக்கொண்டே குவளையைத் திருப்பி, அடியில் தான் கீறியிருந்த கையெழுத்தைக் காட்டினாள், விலையைக் குறைக்கவில்லை. நண்பர் கேட்டதைக் கொடுத்தார். அவள் மாணாக்கர் நிதிக்கென்று சிறு இரசீது ஒன்றைக் கிழித்து நீட்டினாள். பழக்கத்தால் நண்பர் அதை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். போல்பூர் நிலையத்தில் வண்டிக்குக் காத்திருக்கும்போது அதை ஒருமுறை எடுத்துப் படித்துவிட்டு மீண்டும் மடித்து வைத்தார்.